கோடு போடாமலே விழும் கோடுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "டேய், என் கல்யாண போட்டோ சிடி அப்பா பீரோவுலதானே இருக்கு? நீ ஊருக்குப் போறப்ப காப்பி பண்ணி அனுப்பிடு. பொண்ணு பார்க்கணும்னு ஒரே அடம்" என்றாள்.

கல்யாணம் நடந்தது 2008-ல். ஸ்டுடியோக்காரர் ஆல்பத்துடன் இரண்டு சிடிக்களும் தந்தார். அப்பா அவற்றைப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். எங்கள் வீட்டில் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. வெயில் படவில்லை. குழந்தைகள் கை படவில்லை. ஒரு கீறல் கூட இல்லை.

இப்போதைய லேப்டாப்களில் சிடி டிரைவ் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. என்னுடையதிலும் இல்லை. நண்பரிடம் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முதல் சிடியில் 380 பைல்கள் இருப்பதாகக் காட்டியது. திறந்தால் பாதிக்கு மேல் பிழைச் செய்திதான் வந்தது. இரண்டாவது சிடியை டிரைவ் கண்டுகொள்ளவே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

நான் சாப்ட்வேர் என்ஜினியர். அலுவலகத்தில் நாள் முழுவதும் டேட்டாபேஸ், பேக்கப் என்று பேசிச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் அந்த சிடியைக் கையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்ததைத் தவிர அன்று என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வானவில் மட்டும் பழையபடி அழகாகத் தெரிந்தது.

அந்த வானவில்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சுற்றி வளைத்துப் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.

சிடியில் வண்ணம் எதுவும் பூசப்படவில்லை. அதில் ஒரே ஒரு கோடு நடுவிலிருந்து ஓரம் வரை சுருள் சுருளாகச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 625 சுற்றுகள். டிவிடியில் இன்னும் நெருக்கம், 0.74 மைக்ரான். இப்படி ஒரே சீராக அமைந்த நெருக்கமான கோடுகளின் மேல் வெள்ளை ஒளி பட்டால், ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் பிரிந்து போகும். அதுவே நாம் பார்க்கும் வானவில்.

இந்தக் கோடுகளைத் தொழிற்சாலையில் அச்சு வைத்து உருவாக்குகிறார்கள். இது எளிதில் புரிகிறது. ஆனால் ஒரு எஃகுத் தகட்டின் மேல் லேசரைப் பளிச் பளிச்சென்று சில நூறு தடவை அடித்தால், யாரும் கோடு போடாமலே, டிவிடியில் உள்ள அளவுக்கு நெருக்கமான கோடுகள் தாமாகவே வரிசையாக வந்து விழுகின்றன என்றால் நம்புவீர்களா? படித்தபோது நான் நம்பவில்லை. லேசர் முனையை இப்படியும் அப்படியும் நகர்த்தி வரைகிறார்கள் என்றே நினைத்தேன். அப்படியில்லை. லேசர் ஒரே இடத்தில் நிற்கிறது. கோடுகள் விழுகின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. முதல் லேசரை தியோடர் மைமன் அமெரிக்காவில் 1960-ல் இயக்கிக் காட்டினார். ஐந்தே ஆண்டுகளில், 1965-ல், மில்டன் பிர்ன்பாம் என்பவர் ரூபி லேசர் பட்ட செமிகண்டக்டர் பரப்பில் இணையான கோடுகள் இருப்பதைப் பார்த்து எழுதிவிட்டார். அப்போது அது லேசரால் ஏற்பட்ட சேதம் என்ற கணக்கில்தான் போனது. சேதத்தையே வேலைக்கு வைத்துக் கொள்ளலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது, மிக மிகக் குறுகிய துடிப்பு லேசர்கள் வந்த பிறகு.

எவ்வளவு குறுகியது?

பெம்டோ செகண்ட் என்று ஒரு அளவு இருக்கிறது. ஒரு செகண்டை ஆயிரம் லட்சம் கோடியாக, அதாவது 1-க்குப் பின் 15 பூஜ்யம் போட்டு வகுத்தால் வருவது. ஒரு செகண்டுடன் ஒப்பிட்டால் பெம்டோ செகண்ட் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு சிறியது 3 கோடியே 17 லட்சம் ஆண்டுகளுடன் ஒப்பிட்டால் ஒரு செகண்ட்.

உங்கள் கம்ப்யூட்டரை வைத்தே சொல்கிறேன். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்தப் பிராசசரின் ஒரே ஒரு 'டிக்' நேரத்துக்குள், 100 பெம்டோ செகண்ட் நீளமுள்ள லேசர் துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 3,300-க்கு மேல் அடுக்கலாம். ஒளியே அந்த 100 பெம்டோ செகண்டில் 0.03 மில்லிமீட்டர்தான் நகரும். தலைமுடியின் பருமனில் பாதி கூட இல்லை.

நேரம் இவ்வளவு குறைந்தால் என்ன லாபம்? ஒரு மைக்ரோஜூல் என்பது ஒன்றுமே இல்லாத ஆற்றல். அதை 100 பெம்டோ செகண்டுக்குள் அடைத்து வெளியே விட்டால், அந்த நொடிக்கும் நொடியில் அதன் வேகம் 10 மெகாவாட். நூறு வாட் குண்டு பல்பு ஒரு லட்சம் ஒன்றாக எரிவதற்குச் சமம். அதையும் ஒரு ஊசிமுனையை விடச் சிறிய இடத்தில் குவிக்கிறார்கள்.

இப்படி அடைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. குறுகிய துடிப்பைப் பெரிதாக்கப் போனால் பெரிதாக்கும் கருவியே பொசுங்கிவிடும். இதற்கு 1985-ல் டோனா ஸ்ட்ரிக்லேண்ட், ஜெரார்ட் மூரூ இருவரும் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி வலுக்குறைப்பது, நீண்ட நிலையில் பெரிதாக்குவது, கடைசியில் மறுபடி சுருக்குவது. பெரிய பைலை ஜிப் செய்து மெயிலில் அனுப்பி, அந்தப் பக்கம் விரித்துக் கொள்கிறோமே, அதைத் தலைகீழாக நினைத்துக் கொள்ளுங்கள். 2018-ல் இதற்காக இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரிய கண் மருத்துவமனைகளில் பிளேடு இல்லாமல் செய்யும் லாசிக் சிகிச்சையில் கருவிழியை வெட்டுவதும் பெம்டோ செகண்ட் லேசர்தான்.

கோடு எப்படி விழுகிறது?

பாத்திரக் கடைகளில் இப்போது எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்ட லேசர் மெஷின் வைத்திருக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலும் நானோ செகண்ட் அளவிலான துடிப்புகள். ஒரு நானோ செகண்ட் என்பது பத்து லட்சம் பெம்டோ செகண்ட். லேசர் படும் இடம் சூடாகி, உருகி, சூடு பக்கத்திலும் பரவுகிறது. எழுத்து பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரிவது பெரும்பாலும் சூட்டில் உண்டான ஆக்சைடு தோலால்தான்.

பெம்டோ செகண்ட் துடிப்பில் கதையே வேறு. உலோகத்தில் ஒளியை முதலில் வாங்கிக் கொள்வது எலக்ட்ரான்கள். அவை அந்தச் சூட்டை அணுக்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கச் சில பிகோ செகண்ட், அதாவது சில ஆயிரம் பெம்டோ செகண்ட் ஆகும். அதற்குள் துடிப்பு முடிந்தே போய்விட்டது. அடி விழுந்த செய்தி அணுக்களுக்குப் போய்ச் சேரும்போது அடித்தவர் அங்கே இல்லை. சூடு பக்கத்தில் பரவ நேரமே இல்லாததால், அடிபட்ட இடம் மட்டும் சுத்தமாகப் பெயர்ந்து வருகிறது. இல்லாவிட்டால் இவ்வளவு நுண்ணிய கோடுகள் உருகி வழிந்து அழிந்திருக்கும்.

சரி, கோடு எங்கிருந்து வந்தது? எவ்வளவு பாலிஷ் செய்த தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். வரும் ஒளியில் ஒரு பகுதி அந்த மேட்டில் பட்டுச் சிதறி, தகட்டின் மேலேயே படர்ந்து ஓடுகிறது. இப்படி ஓடும் அலையும், மேலிருந்து வரும் அலையும் கலக்கின்றன. குளத்தில் இரண்டு கல்லை எறிந்தால் அலைகள் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அமுக்கிவிடும் அல்லவா? அதே போல் தகட்டின் மேல் ஒளி அதிகம், குறைவு, அதிகம், குறைவு என்று பட்டை பட்டையாக விழுகிறது. அதிகம் விழுந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பெயரும். லேசான பள்ளம்.

அடுத்த துடிப்பு வரும்போது அந்தப் பள்ளங்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. அவை ஒளியை இன்னும் ஒழுங்காகச் சிதறடிக்கும். பட்டைகள் இன்னும் தெளிவாகும். பள்ளம் இன்னும் ஆழமாகும். எங்கள் ஊர் மண் சாலையில் இது நடப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். முதல் லாரி ஒரு சின்ன மேட்டில் ஏறிக் குதிக்கும். குதித்த இடத்தில் சிறு குழி. அடுத்த லாரி அந்தக் குழியில் இறங்கி ஏறி அடுத்த குழியைப் போடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சாலை முழுக்கச் சலவைப் பலகை மாதிரி ஒரே சீரான வரிகள். யாரும் அளந்து வெட்டவில்லை. சாலையும் வண்டியும் சேர்ந்து போட்டுக் கொண்டவை.

800 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரைப் பயன்படுத்தினால், உலோகத்தில் கோடுகளின் இடைவெளி பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இதற்கான கணக்கை 1983-ல் கனடாவின் டொராண்டோவில் ஜான் சைப்பும் அவருடன் இருந்தவர்களும் எழுதினார்கள். சில வேளைகளில் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளியிலும் கோடுகள் வருகின்றன. அவற்றை விளக்குவதில் விஞ்ஞானிகள் இன்னும் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். ஒளி அலைகளின் கூடல் கழித்தல்தான் காரணம் என்பது ஒரு கட்சி. அடிபட்டு நிலைகுலைந்த பரப்பு, காற்றில் மணல் வரி வரியாகப் படிவது போலத் தானே ஒழுங்கு செய்து கொள்கிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். கோடுகள் எந்தத் திசையில் விழ வேண்டும் என்று நாம் சொல்ல முடியும். ஒளி அலைக்கு ஆடும் திசை உண்டு. கயிற்றை மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம், அது போல. இதைச் சோதிக்க வேண்டுமானால் போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கண் முன்னே பிடித்து, அதன் வழியாக உங்கள் எல்சிடி மானிட்டரைப் பாருங்கள். பிறகு கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். மானிட்டரிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் ஆடுவதே காரணம். உலோகங்களிலும் செமிகண்டக்டர்களிலும் லேசர் கோடுகள் பொதுவாக அந்த ஆடும் திசைக்குக் குறுக்கே விழுகின்றன. லேசர் ஒளியின் திசையைச் சுழற்றினால் கோடுகளும் சுழலும்.

இதை வைத்து என்னென்னவோ செய்திருக்கிறார்கள். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லே குவோவும் அனடோலி வோரோபியெவும் 2006-ல் உலோகத்தைக் கரி போலக் கறுப்பாக்கினார்கள். 2008-ல் பெயிண்ட் இல்லாமலே வண்ணம் ஏற்றினார்கள். அலுமினியம் தங்க நிறத்தில் தெரிந்தது. 2015-ல் தண்ணீர் ஒட்டாமல் துள்ளி ஓடும் உலோகத்தைக் காட்டினார்கள். பெயிண்ட் உரியும், கோட்டிங் தேயும். இங்கே உரிவதற்குத் தனியாக எதுவும் இல்லை. உலோகத்தின் உருவமே மாறியிருக்கிறது. குறையும் உண்டு. 2015-ல் ஒரு அங்குலச் சதுரத் தகட்டை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இந்த வேகத்தில் ஒரு குடத்துக்கு வண்ணம் ஏற்றுவதற்குள் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

சிடிக்கு வருவோம்

ஸ்டுடியோக்காரர் தந்தது, தொழிற்சாலையில் அச்சடித்த சினிமாப் பாட்டு சிடி போன்றது அல்ல. அது சிடி-ஆர். சிடி ரைட்டரில் உள்ள லேசர், தட்டில் தடவிய ஒரு சாயத்தைத்தான் அங்கங்கே பொசுக்குகிறது. அக்காவின் கல்யாணம் ஒரு சாயத்தில் எழுதப்பட்டிருந்தது. சாயம் காலப்போக்கில் வெளுக்கும். பீரோவைப் பூட்டுவதால் அது நிற்காது. இன்னொன்று, தட்டின் எழுத்துப் பக்கத்துக்குக் கீழே உடனே பளபளப்புப் படலம் இருக்கிறது. மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். நாம் ஜாக்கிரதையாகப் பாதுகாப்பது அடிப்பக்கத்தை. அதிகம் பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக்கு.

இதனால்தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் ஒன்றை வலியுறுத்துகிறேன். கடையில் எத்தனை ஜிபி, எவ்வளவு ரூபாய் என்று மட்டும் கேட்காதீர்கள். என் போட்டோவை எது பிடித்து வைத்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் அது காந்தம். சுற்றும் தட்டும் மோட்டாரும் இருப்பதால் கீழே போட்டால் போச்சு. பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் அது அடைத்து வைத்த மின்னேற்றம். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் டிராயரில் போட்டு வைத்தால் கசியக் கூடியது. எதுவும் மோசமான பொருள் அல்ல. ஆனால் எதுவும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பொருளும் அல்ல.

மேலே சொன்ன கோடுகள் இங்கேதான் வந்து சேர்கின்றன. ஜப்பானின் கியோட்டோவிலும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலும் இருந்த விஞ்ஞானிகள் சேர்ந்து 2003-ல் ஒன்றை வெளியிட்டார்கள். பெம்டோ செகண்ட் லேசரைக் கண்ணாடிக்கு உள்ளே குவித்தால், மேல்பரப்பைத் தொடாமலே, குவிந்த இடத்தில் மட்டும் இதே போன்ற நுண்கோடுகள் உண்டாகின்றன. கண்ணாடிக்குள் ஒரு புள்ளி, புள்ளிக்குள் கோடுகள். கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்பதை வைத்து ஒரே புள்ளியில் பல பிட்களை எழுதலாம். புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல அடுக்குகளில் வைக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றோடு இந்த இரண்டும் சேர்வதால் ஐந்து பரிமாண நினைவகம் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது.

2019-ல் மைக்ரோசாப்ட் தனது சிலிகா திட்டத்தில், 75 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு குவார்ட்ஸ் கண்ணாடியில் 1978-ல் வந்த சூப்பர்மேன் படத்தை முழுமையாக எழுதிக் காட்டியது. 75.6 ஜிபி. அந்தக் கண்ணாடியைக் கொதிக்க வைத்தார்கள், அவனில் சுட்டார்கள், இரும்பு நாரால் தேய்த்தார்கள், காந்தத்தைக் காட்டினார்கள். படம் அழியவில்லை. பீரோவில் பூட்டிய எங்கள் சிடியை நினைத்துக் கொண்டேன்.

சவுத்தாம்ப்டன் குழு 2016-ல் இதைவிடப் பெரிய எண்ணைச் சொன்னது. 190 டிகிரி வெப்பத்திலேயே 1,380 கோடி ஆண்டுகள் தாங்குமாம். பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. அந்த எண் கண்ணாடியைச் சூடேற்றிச் சோதித்துக் கணக்குப் போட்டு வந்தது. கணக்கில் தவறில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரனாக எனக்கு அந்த எண் தேவையே இல்லை. எனக்கு நூறு வருடம் போதும். நான் கேட்பது வேறு: அதைப் படிக்கும் கருவி யாரிடம் இருக்கும்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. வெட்டிய எழுத்துதான், உரிவதற்கு எதுவும் இல்லை. ஆனால் நானும் நீங்களும் போய் நின்றால் படிக்க முடியாது. அந்த எழுத்தைக் கற்றவர் வேண்டும். ஓலைச்சுவடிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து புதிய ஓலையில் பிரதி எடுத்தது. எடுக்காதது செல்லரித்துப் போனது. கண்ணாடி நினைவகம் கல்வெட்டு ஜாதி. அதைப் படிக்க மைக்ராஸ்கோப்பும், கோடுகளின் திசையைப் புரிந்து கொள்ளும் சாப்ட்வேரும் வேண்டும். எழுதவோ பெம்டோ செகண்ட் லேசர் வேண்டும். மைக்ரோசாப்ட்டின் நோக்கமும் கிளவுட் டேட்டா சென்டர்களுக்குத்தான். நம் மேஜைக்கு அல்ல.

என்னுடன் வேலை செய்யும் நண்பர், "எல்லாம் கிளவுடில் இருந்தால் போதாதா, உனக்கு எதற்குக் கண்ணாடி?" என்று கேட்டார். மாதச் சந்தா கட்ட மறந்தாலும், பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் இறந்து போனாலும் பீரோவில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பது என் பதில். சந்தாவில் வாழும் ஞாபகத்தை நான் முழுதாக நம்பத் தயாரில்லை. கண்ணாடியில் எழுதித் தரும் கடை ஒன்று ஊருக்கு ஊர் வரட்டும், ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்ட மாதிரி. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே படிக்கக் கூடிய வடிவமும், அதன் விளக்கமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். அப்படி வந்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். டேட்டா சென்டரோடு நின்றுபோனால், என்னைப் பொறுத்தவரை அது இன்னொருவர் வீட்டுப் பீரோ.

அதுவரை ஓலைச்சுவடிக்காரர்கள் செய்ததைத்தான் நாமும் செய்தாக வேண்டும். இரண்டு பிரதி, இரண்டு வேறு வகைப் பொருளில். ஒன்று வேறு வீட்டில். வருடம் ஒருமுறை இரண்டையும் திறந்து நாலு படமாவது பார்த்துவிட வேண்டும். எனக்கு பொங்கல் லீவு அதற்கு வசதி.

நடுவில் ஒரு எச்சரிக்கை. பழைய சிடி ரைட்டரைப் பிரித்து லேசரை வெளியே எடுக்கும் வேலையை யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். ஆன்லைனில் விற்கும் வீட்டு லேசர் மெஷின்களிலும் மேலே சொன்ன கோடுகள் வராது. அவை சூட்டால் எழுதுபவை. ஆனால் கண் போகும்.

அக்கா சிடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. பிழை வந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் படிக்கும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டு, டிரைவின் வேகத்தைக் குறைத்து, மூன்று இரவு உட்கார்ந்தேன். 380-ல் 214 படங்கள் முழுதாகக் கிடைத்தன. தாலி கட்டும் படத்தில் மேல் பாதி இருக்கிறது, கீழ்ப் பாதி சாம்பல் நிறம். தாத்தா அட்சதை போடும் படம் இரண்டாவது சிடியில் இருந்தது. அது ஆல்பத்தில் போடாத படம். தாத்தா 2010-ல் போய்விட்டார்.

கிடைத்ததை அக்காவுக்கு ஒரு பென் டிரைவிலும், எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வைத்தேன். இரண்டாவது சிடியைத் தூக்கிப் போடவில்லை. வேறு கம்பெனி டிரைவ் ஒன்றில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பீரோவில் இன்னும் 11 சிடிக்கள் இருக்கின்றன. நண்பர் தன் டிரைவை அடுத்த திங்கட்கிழமைக்குள் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்.